மூச்சு விட்ட சோபா

எங்கள் வீட்டு நாய் ஓட ஆரம்பித்தால் அதன் நிழல் மறுநாள்தான் வீடு வந்து சேரும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நிழல் அன்று சாயங்காலமே வந்துவிடும். வாசலில் நின்று மூச்சு வாங்கும். நானே ஒரு தடவை அதற்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். இதற்கு மேல் என்னால் குறைக்க முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது நாயின் கதையல்ல, என் கொழுந்தனாரின் கதை. நாய் அதற்குள் வந்து படுத்துக்கொண்டது. எங்கேயும் அது அப்படித்தான். யாருடைய இடம் என்று கேட்காது. வரும், மூன்று சுற்று சுற்றும், படுத்துக்கொள்ளும்.

கொழுந்தனார் என் கணவரின் தம்பி. அறுபதைத் தாண்டிவிட்டார், ஆனாலும் நான் கூப்பிடுவது "தம்பி" என்றுதான். தெருவில் அவருக்குச் சோபாக்காரர் என்று பெயர். கீழே கடை, கடைக்குப் பின்னால் அவருடைய அறை, மாடியில் நான். சாப்பாட்டுக்கு மேலே வருவார், சாப்பிட்டுவிட்டு என் நாற்காலிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே போவார். பழைய சோபாவை உரித்து, எலும்பு தெரியும்வரை பிரித்து, உள்ளே சணல் பட்டையை இழுத்துக் கட்டி, ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, மேலே நாரும் பஞ்சும் ஃபோமும் வைத்துப் புதுத் துணி போர்த்தி அனுப்புவது அவர் தொழில். போன சோபா திரும்பி வந்தால் சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாது. ஒரு வீட்டில் இரண்டு நாள் அதற்கு மரியாதை கொடுத்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் மறுத்ததில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் உள்ளங்கையால் அழுத்தித்தான் தெரிந்துகொள்வார். அழுத்தினால் ஸ்பிரிங் திருப்பித் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுகிறதோ அதுதான் அதன் பதில். அந்தப் பதில் அவருக்கு நன்றாகப் புரியும். திருப்பித் தள்ளாதவர்களிடம்தான் மனிதர் திணறிப்போவார்.

துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் இளவயதில் இப்படித்தான் திணறினார். சோபாத் துணி வாங்கப் போய்ப் போய், தேவையில்லாத துணியெல்லாம் வாங்கிக் குவித்து, கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டார்: "உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?" அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கையிலிருந்த துணியை நீவினாளாம். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வருஷம் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாணமாகிக் கையில் குழந்தையும் வந்துவிட்டது.

இன்றும் ஏதாவது ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்குவார். "அண்ணி, சிரிச்சா ஆமான்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?"

"துணியை எந்தப் பக்கமா நீவினாங்க? உங்க பக்கமாவா, அவங்க பக்கமாவா?" என்பேன் நான்.

"அதை நான் கவனிக்கலையே!" என்று இன்னும் ஒரு வாரத்துக்கு அவர் கலங்கிப்போவார். எனக்குப் பொழுது போக வேண்டாமா?

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் பேத்தி அந்த நாயைக் கொண்டுவந்து விட்டாள்.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. தங்கும் விடுதியில் நாய் கூடாது என்றார்கள். கையில் ஒரு போர்வை, அந்தப் போர்வைக்குள் நாலு கால், நீள மூக்கு. மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, மானைப் பட்டினி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கே?" என்று கேட்டேன்.

"பாட்டி, சும்மா இரு. இது விப்பெட். முயல் துரத்தற இனம். உடம்பே இப்படித்தான். விலா எலும்பு லேசாத் தெரிஞ்சாத்தான் ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்."

கொழுந்தனார் தன் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். "அப்ப நானும் ஆரோக்கியம்தான்" என்றார்.

சாம்பல் நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. முதுகு வில்லாக வளைந்து, வயிறு மேலே ஏறி, வால் பின்னங்கால்களுக்கு நடுவே மடங்கியிருந்தது. சோபாவின் மூலைகளைத் தைக்க ஒரு வளைந்த ஊசி உண்டு. கொழுந்தனார் நாயைப் பார்த்தார், கையிலிருந்த ஊசியைப் பார்த்தார், பெயர் வைத்துவிட்டார். அன்று முதல் அது ஊசி.

பேத்தி போன மறுநாளிலிருந்து குழப்பம் ஆரம்பமாயிற்று.

முதலில் அந்த வால். "எப்பப் பார்த்தாலும் வாலைக் காலுக்குள்ளயே வச்சிருக்கு அண்ணி. துக்கமா இருக்கு போல." பேத்திக்குப் போன் போட்டோம். அது இந்த இனத்துக்கு இயல்பு, துக்கமெல்லாம் இல்லை என்றாள். அடுத்து நடுக்கம். காற்று சில்லென்று வீசினால் நடுங்கியது. அவர் கழுத்துக் கயிற்றைக் கையில் எடுத்தால் நடுங்கியது. ரொட்டி வாசனைக்கு நடுங்கியது, பக்கத்துக் கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்தினாலும் நடுங்கியது. குளிருக்கும் சந்தோஷத்துக்கும் பசிக்கும் பயத்துக்கும் ஒரே நடுக்கம். கொழுந்தனார் அதன் விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். நாய் திருப்பித் தள்ளவும் இல்லை, விலகவும் இல்லை. அப்படியே கல்லாக நின்றது.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது அண்ணி."

"அது குரைக்காதாம், தம்பி. நம்ம பேத்தி சொன்னாளே."

குரைக்கவில்லை என்பது உண்மை. ஒரு தடவை கடைக்குள் வந்த முன்பின் தெரியாத ஆள் ஒருவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஊசி அவரை வாசல்வரை மரியாதையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டது. அதே நாய், தெருவில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டு வந்தால் கொழுந்தனாரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பூனை ஒன்று சுவர்மேல் ஓடினாலோ, பயம் எங்கே போனதென்று தெரியாது. கயிறும் கொழுந்தனாரும் சேர்ந்து பறப்பார்கள். வீட்டுக்கு வந்தால் நாள் முழுக்கத் தூக்கம். கடையில் எந்தச் சோபா சரியாக அமைந்திருக்கிறதோ அதில் ஏறிக் காலை மேலே தூக்கிக்கொண்டு, கசங்கிய துணி மாதிரி கிடக்கும்.

"வீரமா, கோழையா? சுறுசுறுப்பா, சோம்பேறியா? எனக்கு ஒண்ணும் புரியல" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதட்டக்கூடாது, மனசு உடைந்துபோகும் என்று பேத்தி சொல்லியிருந்தாள். மேஜைமேல் நான் வைத்திருந்த ரொட்டி முழுவதையும் ஊசி சத்தமில்லாமல் இழுத்துத் தின்றுவிட்டது. கொழுந்தனார் கோபத்தில், "ஏய்" என்றார். அதுவும் பாதி "ஏய்"தான். நாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம்வரை திரும்பவில்லை. கடைசியில் அவர்தான் போய், "தப்பு என்மேலதான். ரொட்டியை அங்க வச்சிருக்கக் கூடாது" என்று மன்னிப்புக் கேட்டார். ரொட்டியை வைத்தது நான். என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதில் பெரிய மாற்றம் அவருடைய வேலையில்தான் வந்தது. பல வருஷமாக அவர் துணியைக் கட்டையில் அடிக்க ஸ்டேப்ளர் பின் துப்பாக்கிதான் வைத்திருந்தார். அழுத்தினால் 'டப்' என்று வெடிக்கும், வேலை சீக்கிரம் முடியும். அந்த 'டப்'புக்கு ஊசி ஒவ்வொரு தடவையும் சோபாவிலிருந்து ஓரடி எழும்பி விழுந்தது. இவர் துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுப் பழைய முறைக்குப் போய்விட்டார். வாய் நிறையச் சின்ன ஆணிகள். நாக்கால் ஒன்றை உதட்டுக்குத் தள்ளுவார், காந்தச் சுத்தியலின் முனையில் ஒட்டி எடுப்பார், பூப்போல ஒரு தட்டு. நாய் நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் அன்றிலிருந்து வேலை நேரத்தில் யார் எது கேட்டாலும் அவரிடமிருந்து வரும் ஒரே பதில் "ம்". ஆமாம் என்பதற்கும் "ம்". இல்லை என்பதற்கும் "ம்". சாப்பிட வாங்க என்றால் வருகிற "ம்"முக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. இந்த "ம்"மை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அப்புறம் பேத்தி போன் செய்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு தம்பதிக்கு ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் இருக்கிறதாம். சுற்றிலும் வேலி. நாய் இஷ்டத்துக்கு ஓடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறோம் என்கிறார்கள்.

"சின்னத் தாத்தா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அவங்ககிட்டக் குடுத்துடலாம். இல்ல, நீங்களே வச்சுக்கறதுன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். அதுக்கு எங்க பிடிக்குதோ அங்க இருக்கட்டும்."

"அதுக்கு எங்க பிடிக்குதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"அது உங்ககிட்டத்தானே இருக்கு? உங்களுக்குத் தெரியும் தாத்தா."

போனை வைத்துவிட்டு அவர் அப்படியே நின்றார். நான் அந்த முகத்தை முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். துணிக்கடையிலிருந்து திரும்பி வந்த அன்று.

"உங்களுக்கு வச்சுக்கணும்னு இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன்.

"என் இஷ்டம் எதுக்கு அண்ணி? அதோட இஷ்டம்தானே முக்கியம்? அது தானா என்கிட்ட வந்து நின்னுச்சுன்னா வச்சுக்கறேன். வரலைன்னா... தோட்டத்துக்கே போகட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் வேண்டுமென்றேதான் போடாமல் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்கப் பரீட்சை. கடையின் ஒரு மூலையில் அவர் வெறுங்கையோடு நின்றார். எதிர் மூலையில் நான் ரொட்டியோடு நின்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டோம். ஊசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு நடுவில் இருந்த சோபாவில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டு பேருமே வேண்டாம், சோபா போதும்னு அர்த்தம்" என்றேன் நான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதையும் மனதில் போட்டுக்கொண்டார்.

விடுமுறை நாளில் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டார். நானும் போயிருந்தேன். நாய் கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு எது அதை முடுக்கியதோ, கிளம்பியது. முதுகு மடங்கியும் விரிந்தும், நாலு காலும் தரையைத் தொட்டதா இல்லையா என்று தெரியாமல், மைதானத்தைச் சுற்றி ஒரே சாம்பல் கோடாக ஓடியது. எங்கள் பக்கத்தில் கடக்கும்போது என் புடவைத் தலைப்பு அது போன திசைக்கு இழுத்துக்கொண்டு பறந்தது. இதில் ஒரு துளி மிகையும் இல்லை. ஓடி முடித்துப் புல்லில் தொப்பென்று விழுந்தது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"அது முகத்தைப் பார்த்தீங்களா? சிரிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணி. அப்ப தோட்டம்தான் அதுக்கு நல்லது."

"அப்ப வீட்டுக்குத் திரும்பும்போது ஏன் கயிற்றை இழுத்துக்கிட்டு முன்னாடி ஓடுது?"

அவர் யோசித்தார். "சோபா ஞாபகமா இருக்கும்."

அந்த வாரம் கடையில் இருந்தது பல் டாக்டரின் சோபா. அவருடைய கிளினிக்கில், காத்திருக்கும் அறையில் போடுவதற்கு. மூன்று பேர் உட்காரக்கூடியது, கரும்பச்சை வெல்வெட் துணி. ஊசிக்கு அந்தச் சோபாமேல் உயிர். ஸ்பிரிங் கட்டியதிலிருந்து அதன் இடது மூலைதான் அதற்கு வீடு. வெல்வெட் மிச்சமிருந்ததில் கொழுந்தனார் அதற்கு ஒரு சட்டை தைத்தார். தோட்டத்தில் குளிருமே என்ற கவலை. உள்ளே மெல்லிசாகப் பஞ்சு வைத்து, ஓரம் மடித்து, பின்னங்கால் தெரியாத அளவுக்கு நீளமாக, கழுத்துக்கு ஒரு உறையும் சேர்த்து, ஒரு சோபாவுக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் செய்தார். மாட்டிவிட்டதும் நாய் ஒரு நிமிஷம் சிலையாக நின்றது. பிறகு பச்சைச் சோபாவில் ஏறிச் சுருண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. சோபாவின் மூலையில் ஒரு திண்டு கூடியிருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் வண்டிக்காரரும் அவருடைய மச்சானும் சோபாவை எடுக்க வந்தார்கள். கொழுந்தனார் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில் தலையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தார். வாய் நிறைய ஆணி. மனசு முழுக்க ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததை வண்டிக்காரரின் மச்சான் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"அண்ணே, பச்சை சோபா ரெடிதானே?"

"ம்."

"மூலையில இருக்கற திண்டும் இதோட சேர்ந்ததுதானே?"

"ம்."

"போர்வை போட்டுக் கட்டிடலாமா?"

"ம்."

பழைய போர்வைகளைப் போட்டு மூடினார்கள். லேசாகக் கயிறு கட்டினார்கள். தூக்கினார்கள். "என்னண்ணே, ஒரு பக்கம் மட்டும் கனக்குது?" என்று மச்சான் கேட்டதற்கு, "நல்ல ஸ்பிரிங்குடா, நம்ம சோபாக்காரர் ஏமாத்த மாட்டார்" என்றாராம் வண்டிக்காரர். பயந்தால் இந்த இனம் அசையாது, சத்தமும் போடாது என்று பேத்தி சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்று தெரிந்தது. ஊசி சோபாவாகவே வண்டியில் ஏறியது.

நாற்காலிக்கு அடியிலிருந்து கொழுந்தனார் தலையை வெளியே எடுத்தபோது, சோபா இருந்த இடம் காலி. வாசல் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. நாய் இல்லை. அவர் புத்தியில் பட்டது ஒன்றுதான்: சோபாவை எடுத்துவிட்டார்கள், படுக்க இடமில்லை, தெருவில் எதையோ பார்த்துவிட்டு ஓடிவிட்டது. ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் காதில் ஒன்றும் விழாதே, சாலையில் வண்டிகள் போகுமே.

நான் மாடியிலிருந்து பார்க்கும்போது அவர் தெருவில் ஓடுகிறார். "ம்! ம்!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார். கடைகளில் எல்லோரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள். நான் இறங்கிப் போய்ப் பிடித்து, "ஆணியைத் துப்புங்க தம்பி முதல்ல!" என்றேன். கையை நீட்டினேன். ஒரு பிடி ஆணியைத் துப்பினார்.

மருந்துக்கடைக்காரரிடம் கேட்டோம்.

"நாயா? என்ன நிறம்ணே?"

"சாம்பல். மேல பச்சை."

"பச்சை நாயா?"

"வெல்வெட்" என்றார் கொழுந்தனார்.

மருந்துக்கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அண்ணே, நீங்க உட்காருங்க. ஒரு தடவை பிரஷர் பார்த்துடுவோம்."

முச்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம், "வளைஞ்ச ஊசி மாதிரி இருக்கும் சார்" என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூட மைதானம் பூட்டிக் கிடந்தது. கம்பி வழியாக வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"ஓடிப் போயிடுச்சு அண்ணி. இதுதான் அதோட பதில். நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேனே, சொல்லிட்டுப் போயிடுச்சு."

எனக்கு ஒரு நல்ல பொய் சொல்லி அவரைத் தேற்ற வேண்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. பல் டாக்டரம்மா. நான் பக்கத்திலேயே இருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"சோபா வந்துடுச்சுங்க. ரொம்ப அழகா இருக்கு. ஆனா... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க சோபா மூச்சு விடுது."

வேறு யாராக இருந்தாலும் அந்த நொடியில் புரிந்துகொண்டிருப்பார்கள். இவர் தொழில்காரர் ஆயிற்றே. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்: "புது ஃபோம் அப்படித்தான் டாக்டர். ஆள் உட்கார்ந்தா உள்ள இருக்கற காத்து வெளியே போகும். கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

"யாரும் உட்காரலைங்க. சும்மாவே விடுது."

"தையல் எங்கயாவது விட்டிருக்கும். நாளை மறுநாள் வந்து பார்க்கறேன்."

"தையல் கொட்டாவி விடுமா?"

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை. என் செருப்பு ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

கிளினிக்கின் காத்திருக்கும் அறை சின்னது. வெள்ளைச் சுவர், தண்ணீர் வைத்த மேஜை, பல் வரைந்த படம், நடுவில் பச்சைச் சோபா. சோபாவின் வலது பக்கம் காலி. எல்லோரும் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்கள். கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் அறை மூலையில் நின்று, "நான் உட்காரப் போனேன், கைப்பிடி தலையைத் தூக்கிப் பார்த்துச்சு. எனக்கு இனிமே அந்த வலி மாத்திரை வேண்டாம்மா, பல் போனாலும் போகட்டும்" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சின்னப் பெண் மட்டும் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பல் வலியில் அழுதிருக்கிறாள், கன்னத்தில் கண்ணீர்க் கோடு காயவில்லை. ஊசியின் தாடை அவள் மடியில். அவள் அதன் காதை மெதுவாக நீவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வரும்போது ஊரைக் கூட்டிக்கிட்டு அழுதா. இது பக்கத்துல வந்து உட்கார்ந்ததும் அடங்கிட்டா" என்றார் பல் டாக்டரம்மா. "சோபாவோட இதையும் இங்கயே விட்டுடுங்களேன், எனக்கு மயக்க ஊசி மிச்சம்."

கொழுந்தனார் வாசலிலேயே நின்றுவிட்டார். நாய் கிடைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. யார் மடியிலும் இப்படித்தான் தலை வைக்குமா? அப்படியென்றால் ராத்திரிகளில் தன் மடியில் வைத்ததெல்லாம் கணக்கில் சேருமா, சேராதா? அவர் நெற்றியில் இவ்வளவும் எழுதியிருந்தது. நான் படித்தேன்.

ஊசி அவரைப் பார்த்தது. வால் ஆடவில்லை. கண்ணை மட்டும் சுருக்கி, நீள மூக்கை அவர் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"வா" என்றார் அவர். "வரியா?"

நான் அந்த நிமிஷம் உள்ளே போய் நாயைத் தள்ளியாவது விட்டிருப்பேன். ஆனால் அவர் தன் வார்த்தையில் நிற்பவர். அது தானாக வர வேண்டும்.

சின்னப் பெண் காதிலிருந்து கையை எடுத்தாள். ஊசி முன்னங்காலை நீட்டியது, பின்னங்காலை நீட்டியது, உடம்பை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. பிறகு, பச்சைச் சட்டை தரையில் புரள, சோபாவிலிருந்து ராஜகுமாரி மாதிரி இறங்கியது. அறையைக் குறுக்கே கடந்து நேராக வந்தது. கொழுந்தனாரின் முழங்காலில் தன் முழு எடையையும் சாய்த்து நின்றது. அவர் உள்ளங்கையை அதன் விலாவில் வைத்து லேசாக அழுத்தினார். முதல் தடவையாக அது திருப்பித் தள்ளியது. வீங்கிய கன்னத்துக்காரர் கை தட்டினார். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் பல் வலி அந்த இடத்திலேயே நின்றுபோய், டாக்டரம்மா அன்று சீக்கிரமே கிளினிக்கைச் சாத்தவேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டம் வைத்திருந்த தம்பதி வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஊசிக்கு ஒரு பந்துகூட வாங்கி வந்திருந்தார்கள். கொழுந்தனார் வாயில் ஆணி இல்லாமல், தெளிவாக, "மன்னிச்சுக்கோங்க. நாய் இங்கதான் இருக்கும்" என்றார். அறுபதைத் தாண்டிய வயதில் அவர் யோசிக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது. பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊசிக்கு அதைக் கண்டாலே பயம்.

இவ்வளவையும் எழுதி முடித்து, இப்போது சத்தமாகப் படித்தும் காட்டினேன். கொழுந்தனார் எதிர் நாற்காலியில், கையில் டீ டம்ளர். நாய் என் போர்வையில், என் காலில், என் இடத்தில். மைதானத்துக்கு அவர் தலையை ஆட்டினார். மருந்துக்கடைக்குச் சிரித்தார். கிளினிக் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது இறங்கவே இல்ல அண்ணி. நானும் ரொம்ப நேரம் வாசல்லயே நின்னு பார்த்தேன், அது அசையவே இல்ல. அப்புறம் நான்தான் போய் அது பக்கத்துல உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்துச்சு. எனக்கு இடம் விட்டுச்சா, என்னை விட்டு விலகிப் போச்சான்னுதான் இன்னும் எனக்குத் தெரியல."